டெலிவரி வண்டி: மாடல் டி-யா, மாடல் ஏ-வா?

குடும்பமாகச் சேர்ந்து பழைய ஃபோர்டு டெலிவரி வண்டியைச் சீர்செய்யலாம் என்றால், முதல் கேள்வி இதுதான். 1908 முதல் 1927 வரை வந்த மாடல் டி-க்கு 20 குதிரைத்திறன்தான். ஓட்டுவதையே புதிதாகக் கற்க வேண்டும்: இடது மிதி கியருக்கு, நடு மிதி ரிவர்ஸுக்கு, வலது மிதி பிரேக்குக்கு, ஆக்சிலரேட்டரோ ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். ஆனால் சுவிட்சைப் போட்டதும் மரப்பெட்டிக்குள் இருக்கும் இக்னிஷன் காயில் (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கம்பிச்சுருள்) வண்டுபோல ரீங்கரிக்கும் பாருங்கள், பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

அடுத்து வந்த மாடல் ஏ-வில் 40 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் பிரேக், வழக்கமான கிளட்ச். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற அதுவே மேல். சரி, சீர்செய்யும் சுகத்துக்கு? என் ஓட்டு மாடல் டி-க்கே. எதை வாங்கினாலும் பின்னால் இருப்பது வெறும் சரக்குப் பெட்டி. சீட்டும் பெல்ட்டும் பொருத்தாமல் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.