கருக்கலில் கைகொடுக்கும் 8×42

மூன்று வேட்டைப் பருவங்களாக என் மார்பில் தொங்குவது ஒரு 8×42 பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாக்கும்; முகப்பு லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். கறுப்பு ரப்பர் உறை, நேரான குழல்கள், எடை 650 கிராம். இதே அளவில் உயர்ரகக் கண்ணாடி ஒன்று வாங்கும் பணத்தில் இதைப் போல் பல வாங்கிவிடலாம். இதற்கு முன் இரண்டு வாங்கி, இரண்டையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். அந்த இரண்டிலும் பட்டதைச் சொன்னால்தான் இதை நான் ஏன் கொண்டாடுகிறேன் என்பது விளங்கும்.

முதலில் வாங்கியது 10×25. சட்டைப்பையில் அடங்கும். பகலில் எட்ட இருந்த மரத்தின் பட்டைக் கோடுகள்கூடத் தெரிந்தன. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தியில்தான் அதன் குணம் வெளிப்பட்டது. என்னைவிட இருபது வயது மூத்த வேட்டைக்காரர் ஒருவருடன் பரணில் உட்கார்ந்திருந்தேன். கொம்புள்ள ஆண்மான் ஒன்றுக்கு மட்டுமே எங்களிடம் அனுமதிச்சீட்டு இருந்தது. சூரியன் இறங்கியபின், நூற்றைம்பது மீட்டர் தொலைவில், புதர் விளிம்பில் ஓர் உருவம் வந்து நின்றது. என் கண்ணாடியில் பழுப்பாக ஒரு கறை. தலைக்கு மேல் ஏதோ கிளைத்திருந்தது.

“கொம்பு போலத்தான் தெரிகிறது, அண்ணா” என்றேன்.

அவர் தம் கழுத்திலிருந்த பழைய கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். “இதில் பார், தம்பி. அவசரப்படாதே.”

பார்த்தேன். கறை மானானது. கொம்பென்று நான் நினைத்தது பின்னால் நின்ற பட்ட மரத்தின் கிளை. இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பிக்கொண்டிருந்தன. வயிற்றுக்குக் கீழே இன்னும் நான்கு கால்கள், குச்சி குச்சியாக. குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. முட்டி முட்டிக் குடிக்கும்போது அதன் குட்டை வால் துடித்தது. அந்த வால் துடிப்பு வரைக்கும் தெரிந்தது.

“பிணை, பெண்மான்தான்” என்றேன். அவர் தலையசைத்துக் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இருவரும் பேசாமல் இறங்கி வந்தோம். அவருடையது 8×42.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கடினமான கணக்கில்லை. முகப்பு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. நல்ல வெயிலில் நம் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எனவே நண்பகலில் இரண்டு கண்ணாடிகளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். இருட்டத் தொடங்கியதும் பாவை விரிகிறது. இளைஞர்களுக்கு ஏழு மில்லிமீட்டர் வரையிலும், வயது ஏற ஏற ஐந்தோ அதற்கும் குறைவாகவோ. அந்த நேரத்தில் 2.5 கொடுக்கும் கண்ணாடி கண்ணைப் பட்டினி போடுகிறது. பரப்பளவாகக் கணக்கிட்டால் வேறுபாடு நான்கு மடங்குக்குக் குறையாது. மான்கள் வெளியே வரும் நேரமோ அதுதான். வைகறையும் அந்தியும்.

பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். முடிந்தால் மாலையில் போங்கள். அதுவும் இயலாவிட்டால், உள்ளே விளக்கு எட்டாத மூலையில் இருக்கும் அட்டைப்பெட்டியின் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

பெட்டிகளில் ‘அந்தி எண்’ என்றும் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண் அது. அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 10×25க்கு அது 15.8, 7×35க்கு 15.65. காகிதத்தில் சிறியது வெல்கிறது. இரண்டையும் கருக்கலில் கையில் எடுத்துப் பார்த்தால் குழந்தைகூட 7×35ஐத்தான் கேட்கும்.

இரண்டாவது 12×50. வெளிச்சம் போதவில்லை என்றால் பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். லென்ஸ் பெரிதானது உண்மை. உருப்பெருக்கமும் கூடவே ஏறியதால் கற்றை 4.2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை கை நடுக்கம். பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி நடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்காக்குகிறது. மேடேறி மூச்சு வாங்கியபடி அதைத் தூக்கினால் மலையே குலுங்கும். முக்காலியில் வைத்துப் பார்ப்பவருக்கு அது நல்ல கருவியாக இருக்கலாம். நடந்து வேட்டையாடுபவருக்கு ஆகாது. பார்வைப் பரப்பும் குறுகிவிட்டது. அதன் கோணம் 5 பாகை, அதாவது ஆயிரம் மீட்டரில் 87 மீட்டர் அகலம். இப்போது என்னிடம் இருப்பதன் கோணம் 7.5 பாகை, 131 மீட்டர். ஓடும் மானைக் கண்ணாடிக்குள் பிடித்து வைத்திருக்க அந்த 44 மீட்டர் எவ்வளவு உதவும் என்பது தேடித் தேடித் தவறவிட்டவர்களுக்குத் தெரியும்.

சரி, 8×42 என்று எழுதியதெல்லாம் நல்லதா? இல்லை. எண்கள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடியும் பூச்சும் வேறு வேறு. பூச்சில்லாத லென்ஸில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நான்கு சதவீத ஒளி திரும்பிப் போய்விடுகிறது. ஒரு பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்புகளுக்கு மேல் இருக்கும். ஆகவே ‘பூச்சிட்டது’ என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தால் போதாது. எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க, முகப்பு லென்ஸில் கடை விளக்கு எப்படிப் பிரதிபலிக்கிறது என்று சாய்த்துப் பாருங்கள். மங்கலான பச்சையோ ஊதாவோ தெரிந்தால் நல்லது. விளக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அங்கே பூச்சில்லை.

மாணிக்கச் சிவப்பில் மின்னும் லென்ஸ்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியை வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே தெரியும் காட்சி பச்சையும் நீலமுமாக வெளிறியிருக்கும். காய்ந்த புல்லுக்கு நடுவே செம்பழுப்பு மானைத் தேடுபவருக்கு வேண்டியதே அந்தச் சிவப்புதான்.

இன்னொரு சோதனை, செலவில்லாதது. கண்ணாடியை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண்பக்க லென்ஸில் சிறிய வெளிச்ச வட்டங்கள் இரண்டு தெரியும். வட்டம் முழுதாக இருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பட்டகம் பேக்-4 என்னும் வகைக் கண்ணாடியில் செய்தது என்று பெரும்பாலும் நம்பலாம். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போல நிழலடித்தால் அது பிகே-7 என்னும் வேறு வகைக் கண்ணாடி. பகலுக்கு அது குற்றமில்லை. அந்தியில் ஓரங்கள் முதலில் இருளும்.

நேர்க்குழல் கண்ணாடிகளில் ‘கட்டப் பூச்சு’ இருக்கிறதா என்றும் கேளுங்கள். பட்டகத்துக்குள் இரண்டாகப் பிரிந்து சேரும் ஒளி ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாமல் காப்பது அது. 1988இல் ஜெய்ஸ் நிறுவனம் கொண்டுவந்தபோது உயர்ரகத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இப்போது சிக்கன வகைகளிலும் கிடைக்கிறது. என்னுடையதில் இருக்கிறது. மயிரிழை விவரங்களில், கொம்பு நுனியில், காது மடலின் விளிம்பில் அந்த வேறுபாடு தெரிகிறது. இதற்கும் பணம் போதாதவர்கள் வெட்கப்படாமல் பழைய பாணி வளைந்த குழல் கண்ணாடியை வாங்குங்கள். இத்தாலியரான போர்ரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதற்குக் கட்டப் பூச்சும் தேவையில்லை, பட்டகத்தின் மேல் ஆடி போல ஒளியைத் திருப்பும் பூச்சும் தேவையில்லை. அதே பணத்தில் அதுவே பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பருமன் கூடுதல், மழைக்குக் கொஞ்சம் அஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். 12×50இல் கண்ணை லென்ஸிலிருந்து 11 மில்லிமீட்டருக்குள் வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். மூக்குக்கண்ணாடியோடு அது நடக்காது. சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலிருந்தது. இப்போதையதில் அந்த இடைவெளி 17. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் 15க்குக் கீழே எதையும் வாங்கவேண்டாம்.

குறைகளும் உண்டு. வட்டத்தின் வெளி ஓரத்தில் காட்சி மென்மையாகிவிடுகிறது. வெளிறிய வானத்துக்கு எதிரே நிற்கும் கொம்பைச் சுற்றி மெல்லிய ஊதாக் கோடு ஓடுகிறது. குளிர் கடுமையான காலைகளில் குவிய உருளை இறுகிப்போகிறது. விரலை அழுத்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. எனக்குச் சினமூட்டியது வலக்கண் வளையம்தான். ஒவ்வொரு முறை உறையிலிருந்து எடுக்கும்போதும் அது தானாகத் திரும்பிவிட்டது. இடக்கண்ணுக்கு உருளையால் சரிசெய்து, பிறகு வலக்கண்ணுக்கு வளையத்தால் சரிசெய்த பின், அதன் மேல் ஒரு சுற்றுத் துணிப்பட்டி ஒட்டிவிட்டேன். அன்றிலிருந்து தொல்லையில்லை. கூட வந்த கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, இரு தோள்களிலும் மாட்டும் வாரை வாங்கினேன். கழுத்து வலி போயிற்று. குனியும்போது கண்ணாடி முன்னால் ஊசலாடுவதும் நின்றது.

மழையில் நாள் முழுதும் நனைந்திருக்கிறது. உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் ஒருமுறைகூட உட்புறம் பனிக்கவில்லை. என் மூச்சு பட்டு வெளிப்புறம் பனிப்பதை எந்தக் கண்ணாடியும் தடுக்காது.

“துப்பாக்கியில்தான் குறிநோக்கி இருக்கிறதே, தனியாகப் பைனாகுலர் எதற்கு?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். குறிநோக்கி வழியாகப் பார்க்கும்போது துப்பாக்கியின் வாயும் அங்கேயே நோக்கி நிற்கிறது. புதரில் அசைவது விறகு பொறுக்கும் மனிதராக இருந்தால்? அசைவது எது என்று தெரியாதவரை துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. இந்த ஒன்றில் என்னிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. குறிநோக்கியால் காட்டைத் துழாவுபவருடன் நான் பரணேறுவதில்லை.

சென்ற பருவத்தின் கடைசி நாள், அதே பரண், அதே புதர் விளிம்பு. அனுமதித்த நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. வெறும் கண்ணுக்கு மரங்கள் ஒரே கருமையாகிவிட்டன. கண்ணாடியை எடுத்தேன். ஓர் ஆண்மான், கொம்பு தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கக் கொம்பில் ஒரு கிளை முறிந்திருந்தது. அதற்குப் பின்னால், அதே கோட்டில், இன்னொன்று. பிணையா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு மான் நின்றது தெரிந்தது. குண்டு ஊடுருவிப் போனால் அதன் மேல் படும். காத்திருந்தேன். இரண்டும் விலகவில்லை. நேரம் முடிந்தது. துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, லென்ஸ் மூடிகளை மாட்டினேன்.