வம்சாவளி தேடித் தருகிறோம் என்று வருபவர்களிடம் வீட்டுப் பேப்பரைக் கொடுக்காதீர்கள்

பாண்டிச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பேப்பர் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். வம்சாவளி தயாரித்துத் தரும் ஓர் ஆன்லைன் சேவையிடம் 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிற்கிறோம்.

தாத்தாவின் தாத்தா, 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான். தாத்தா வியட்நாமின் சைகோனில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். இதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்த பையன் அவ்வளவு மரியாதை. தாத்தா படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். என் அத்தையை அவனும் அத்தை என்றே கூப்பிட்டான். தாத்தாவின் சைகோன் வாழ்க்கையில் எங்களிடம்கூட அத்தை பேசாத ஒரு விஷயம் உண்டு. இங்கேயும் அதை எழுத மாட்டேன். அவனிடம் சொன்னார். “இது குடும்பத்துக்குள்ளதான் இருக்கும் அத்தை. உயிரோட இருக்கறவங்க விவரம் எதையும் வெளியில போட மாட்டோம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திருமணப் பத்திரம், பென்ஷன் புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். ஒவ்வொன்றையும் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டான்.

பாரீஸிலிருந்து ஓர் உறவுக்காரர் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. எங்கள் மொத்தக் குடும்பமும் அவர்களுடைய இணையப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. பிறந்த தேதிகள், பிள்ளைகளின் போட்டோக்கள், அத்தை சொன்ன அந்த விஷயம். தாத்தா படத்தின் மேல் அவர்கள் முத்திரை!

போன் செய்தால் முதலில் “டெக்னிக்கல் டீம் பாக்கறாங்க சார்”. அப்புறம் “மேனேஜர் லீவு”. அப்புறம் “நீங்க எடுத்த பிளான்ல பப்ளிக்னுதான் இருக்கு”. கடைசியில், மறைக்க வேண்டுமானால் தனிக் கட்டணமாம். 18,500 ரூபாய் வாங்கியவர்கள் கேட்கிறார்கள் இதை.

அந்த 18,500-இல் பிரான்ஸ் ஆவணக் காப்பகக் கட்டணம் என்றும் ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸில் இருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கான காப்பகம் பாண்டி, காரைக்கால் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகளைத் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. பார்க்க ஒரு பைசா கிடையாது. பாரீஸ் உறவுக்காரர்தான் காட்டினார்.

நேற்று அத்தைக்கு ஒரு போன். மாமாவின் பிரெஞ்சு பென்ஷனில்தான் அவர் காலம் ஓடுகிறது. “உங்க லைஃப் சர்டிபிகேட் வந்து சேரலை, ஓடிபி சொல்லுங்க” என்றவன் அத்தையின் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, அவர் அம்மா பெயர் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, போனை மகனிடம் கொடுத்துவிட்டார். இரவெல்லாம் தூங்கவில்லை அவர். 1962-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கும் குடும்பங்களுக்குத் தாத்தா பேப்பர்தான் ஆதாரம். அதன் நகல் இன்னும் யார் யார் கையில் இருக்கிறதோ, நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். என்னென்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. உயிரோடு இருப்பவர்களின் தேதி, தாயார் பெயர், முகவரி எதையும் ஏற்றாதீர்கள். பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பத்திரங்களை அவர்கள் போனில் படம் பிடிக்க விடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தக் காப்பகத் தளத்தில் நீங்களே தேடுங்கள்.

அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அத்தையைக் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குக் கிளம்புகிறேன்.