வகுப்பு பலன் தந்ததா? முன்–பின் தேர்வும் வீடு தேடிப் போவதும்

எழுத்தறிவோ, சுகாதாரமோ, சேமிப்புப் பயிற்சியோ, ஒரு சமூகக் கல்வித் திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கச் சிறிய குழுக்கள் பெரும்பாலும் நாடும் வழிகள் நான்கு: வகுப்புக்கு முன்னும் பின்னும் தேர்வு வைப்பது, சில மாதம் கழித்து வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, வகுப்புக்கு வராத ஒரு குழுவோடு ஒப்பிடுவது, பங்கேற்றவர்களின் அனுபவங்களைத் திரட்டுவது. எங்கள் குழு இரண்டாவதற்கு மாறிவிட்டது. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாளில் நிரப்பச் சொல்லும் கருத்துப் படிவத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அன்பாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு யார்தான் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்?

முன்–பின் தேர்வின் வசதிகள் தெரிந்தவைதான்: செலவு குறைவு, முடிவு அன்றே கையில், பணம் கொடுத்தவருக்குக் காட்ட ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணில்தான் சிக்கல். 40 பேர் சேர்கிறார்கள், முன்தேர்வில் சராசரி 50 என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சராசரி 30 எடுத்த 15 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மீதி 25 பேரின் முன்தேர்வுச் சராசரியே 62. அவர்கள் ஒரு வரிகூடப் புதிதாகக் கற்காமல் அதே மதிப்பெண்ணை மறுபடி எடுத்தாலும், அறிக்கையில் 50 என்பது 62 ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் திட்டம் வென்றுவிட்டது! எளியவர்களுக்கான வகுப்புகளில் முதலில் நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் அந்த வகுப்பு அதிகம் தேவைப்பட்டவர்களே. வேலை நேரம் மாறும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. நம் கணக்கிலிருந்து காணாமல் போவதும் அவர்கள்தான்.

வீடு தேடிப் போகும் முறையில் பெயர்களை முதல் நாள் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுக்கிறோம். நின்றுபோனவரும் அதில் வருவார். எல்லாரையும் பார்க்க வேண்டியதில்லை. தரக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த ஒரு மாதிரியெடுப்பு முறையில், ஒரு பகுதி இலக்கை எட்டியதா இல்லையா என்று பிரித்தறிய 19 பேரை வைத்துக்கொள்வது வழக்கம். துல்லியமான சதவீதம் கிடைக்காது, எங்கே மறுபடி உழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

போன இடத்தில் கேள்வியைக் குறைத்துக் கண்ணால் பார்ப்பது முக்கியம். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா என்றால் ஏறக்குறைய எல்லாரும் ஆம் என்பார்கள். கழிப்பறைப் பக்கத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்பதே பேசும். எழுத்தறிவு வகுப்பானால் நாலு வரி கொடுத்து வாசிக்கச் சொன்னால் போதும். 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சி மதிப்பீட்டுக்கு நான்கு படிகள் வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு என்ன. தேர்வு இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போனால் மூன்றாவதை எட்டிப் பார்க்கலாம்.

செலவு கூடத்தான் செய்யும். முகவரி மாறியிருக்கும், பாதிப் பேரின் கைப்பேசி எண் வேலை செய்யாது. வருவதாக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பாடம் நடத்தியவரை அனுப்பவும் கூடாது.

இந்த முறை பதில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு: மாற்றம் நம் வகுப்பால்தான் வந்ததா? அதற்கு ஒப்பீட்டுக் குழு வேண்டும். முழு அளவில் நான் நடத்திப் பார்த்ததில்லை, அதனால் அடக்கியே சொல்கிறேன். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' போதைத் தடுப்புப் பள்ளி வகுப்புகள் பலரின் பாராட்டோடு அமெரிக்கா முழுக்கப் பரவின. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலோ மாணவர்களின் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாராட்டு மட்டும் போதாது என்பதற்கு அது ஒன்றே போதும். சிறிய குழுக்கள், அடுத்த தொகுதிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் வகுப்பை மறுத்ததாக ஆகாது.

அனுபவங்களைத் திரட்டுவது, ஏன் மாறினார்கள் என்று காட்டும். எத்தனை பேர் மாறினார்கள் என்று காட்டாது. நல்ல கதை சொல்பவர் பக்கம் தராசு சாயும் ஆபத்தும் உண்டு.

வீடு வீடாகப் போக ஆளும் பணமும் இல்லையென்றால் தேர்வையே வையுங்கள். இரண்டு தேர்வையும் எழுதியவர்களின் மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டு, சேர்ந்தவர் எத்தனை, கடைசியில் எழுதியவர் எத்தனை என்ற இரண்டு எண்களையும் அறிக்கையின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.