மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகம்: தேர்தல் காலத்தில் எவ்வளவு கைகொடுக்கும்?

துண்டுப்பிரசுரம் கொடுத்த பிள்ளையைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் உடனே அழுத்தவேண்டிய இலக்கம் 1996. அது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலும் இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். ஆள் உள்ளே இருந்தால் தாயோ நண்பரோ அவர் சார்பில் கொடுக்கலாம்.

இந்தச் சேவையின் பலம் முதல் சில மணிநேரத்தில்தான். தடுத்துவைக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுசெய்தால் 48 மணிநேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். சாதாரண கைதென்றால், பயண நேரம் தவிர, 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எழுத்து முறைப்பாட்டில் கோபத்தைவிட விபரம் முக்கியம். நாள், நேரம், இடம், பொலிஸ் நிலையம், அதிகாரியின் பதவியும் இலக்கமும், கைதுக்குச் சொன்ன காரணம், காட்டிய பத்திரம், கண்டவர்களின் பெயர் எல்லாம் வேண்டும். காரணமே சொல்லவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை மீறப்பட்டதற்கு அதுவே ஆதாரம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

எல்லாவற்றையும் இங்கே கொண்டுபோகவும் முடியாது. வேட்பாளரின் ஆட்கள் அடித்தால் அது பொலிசுக்கும் தேர்தல்கள் ஆணைக்குழுவின் மாவட்ட முறைப்பாட்டு நிலையத்துக்கும் உரியது. பொலிஸ் அந்த முறைப்பாட்டை எடுக்க மறுத்தால்தான் இங்கே வரலாம். சுவரொட்டியைக் கிழித்தார்கள், ஊர்வலத்தை மறித்தார்கள் என்பவை பெரும்பாலும் நிற்காது, தேர்தல் காலத்தில் சுவரொட்டியையும் ஊர்வலத்தையும் தேர்தல் சட்டமே தடுக்கிறது. துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் பொலிசுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

ஒரு நிகழ்வை நடத்தக் கூடாதென்று நீதிமன்றம் போடும் தடையுத்தரவு வேறு விஷயம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் நீதவான் கொடுக்கும் கட்டளை பொதுவாக 14 நாள்தான் நிற்கும், நீக்கக் கோரியும் விண்ணப்பிக்கலாம். பிரதியைக் கேட்டு வாங்கித் திகதியையும் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரைக் கைதுசெய்து, 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இருக்கிறது. அந்தப் பிரிவின்படி பிணை கொடுக்கும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை, மேல் நீதிமன்றத்துக்குத்தான். இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சியவர்கள்மேல் அதைப் பாய்ச்சியது அப்பட்டமான அத்துமீறல்.

பலர் சறுக்குவது ஒரு மாதக் கணக்கில். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்ட வேண்டும். அழைப்புக் கடிதங்கள், விசாரணைத் திகதிகள் எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள். முடிந்தால் சட்டத்தரணியைப் பிடித்து மாதத்துக்குள்ளேயே மனுவைப் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

பலவீனம் கடைசிக் கட்டத்தில். ஆணைக்குழு சமரசம் செய்யலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. பரிந்துரையைத் திணைக்களம் கவனிக்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும், அதன் பிரதியைப் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். பரிந்துரை கிடைத்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால், அந்த அறிக்கையை அனுப்பும்படி முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கேளுங்கள்.