வாய்ப்பாடா, கட்டமா? பெருக்கலையும் காரணியையும் கற்பிக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ஏழு எட்டு எவ்வளவு என்றால் ஐம்பத்தாறு என்று பட்டென்று சொல்லும் குழந்தை, 56-இன் காரணிகள் எவை என்று கேட்டதும் திகைத்து நிற்பதைப் பார்க்கிறோம். கணக்கு ஒன்றுதான். முன்னிருந்து கேட்டால் பெருக்கல், பின்னிருந்து கேட்டால் காரணி. அதனால் கற்பிக்கும் முறைகளை ஒப்பிடும்போது எது சீக்கிரம் விடை தருகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எது காரணி வரைக்கும் குழந்தையைக் கூட்டிப் போகிறது என்பதுதான் என் அளவுகோல்.

தொடர் கூட்டலில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறோம். 4 × 3 என்றால் 3 + 3 + 3 + 3. கூட்டத் தெரிந்த குழந்தைக்கு இது இயல்பான அடுத்த படி, சரி. ஆனால் அப்படி எழுதும்போது 3 கண்ணுக்குத் தெரிகிறது, 4 தெரிவதில்லை. எண்ணிப் பார்த்தால்தான் கிடைக்கும். நான்கு மூன்றும் மூன்று நான்கும் ஏன் சமம் என்பதும் அதில் தெரியாது. பின்னங்கள் வரும்போது சிக்கல் இன்னும் பெரிது. மூன்றில் ஒரு பங்கை அரை முறை கூட்டு என்றால் குழந்தை என்ன செய்யும்? பெருக்கல் என்றாலே தொடர் கூட்டல்தான் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கணிதவியலாளர் கீத் டெவ்லின் 2008-இல் எழுதியபோது ஆசிரியர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. என் கருத்து: அறிமுகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வரையறையாகச் சொல்ல வேண்டாம்.

வாய்ப்பாட்டு மனப்பாடத்தைப் பழைய முறை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீள் வகுத்தல் செய்யும்போது ஒவ்வொரு படியிலும் 6 × 7-ஐ நின்று யோசிக்கும் குழந்தை, கணக்கு எங்கே போகிறது என்பதையே விட்டுவிடும். மனப்பாடம் வேண்டும். ஆனால் நாம் பயமுறுத்தும் அளவுக்கு அது பெரிய சுமை அல்ல. ஒன்று முதல் பத்து வரை 100 பெருக்கல்கள். 3 × 8-உம் 8 × 3-உம் ஒன்றுதான் என்று தெரிந்தால் 55. எளிதாக வந்துவிடும் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகளைக் கழித்தால் மிச்சம் 21. ஒன்பதை, பத்து மடங்கிலிருந்து ஒரு முறை கழித்துப் பெறலாம் (9 × 7 என்றால் 70 − 7). அதையும் எடுத்துவிட்டால் உட்கார்ந்து படிக்க வேண்டியது 15-தான். இதைக் குழந்தைக்கே எண்ணிக் காட்டுங்கள். கடிகாரம் வைத்து நடத்தும் வேகத் தேர்வை மட்டும் முதல் சில மாதங்களுக்குத் தள்ளி வைக்கலாம். நேரம் ஓடுகிறது என்றதும் யோசிப்பதை விட்டு ஊகிக்க ஆரம்பிக்கும் குழந்தைகள் உண்டு.

என் வாக்கு கட்டத்துக்குத்தான். கட்டம் போட்ட தாளில் நான்கு நிரை, மூன்று நிரல் வரைந்தால் இரண்டு எண்களும் ஒருசேரக் கண் முன்னே நிற்கின்றன. தாளைத் திருப்பினால் மூன்று நிரை, நான்கு நிரல். பரிமாற்றுப் பண்புக்கு வேறு விளக்கமே வேண்டாம். அப்புறம் அதே படத்தை வெட்டலாம். 6 × 14 என்பதை 6 × 10, 6 × 4 என்று பிரித்தால் 60-உம் 24-உம் சேர்ந்து 84. 23 × 17-க்குச் சின்னக் கட்டங்கள் வேண்டாம். வெறும் செவ்வகத்தை நான்காகப் பிரித்து 200, 140, 30, 21 என்று எழுதினால் 391. பரப்பளவு, பின்னப் பெருக்கல், பின்னாளில் இயற்கணிதம் எல்லாவற்றுக்கும் இதே படம் கைகொடுக்கும். குறை ஒன்று உண்டு. சில குழந்தைகள் பெருக்காமல் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருப்பார்கள். கட்டத்தின் நடுப்பகுதியை ஒரு தாளால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். எண்ண வழியில்லாதபோது பெருக்குவார்கள்.

காரணிக்கு வந்தால் கட்டத்தின் பலம் இன்னும் தெளிவாகத் தெரியும். 24 சதுர வில்லைகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் பயன்படுத்தி எத்தனை வகைச் செவ்வகம் அமைக்கலாம் என்று கேளுங்கள். 1 × 24, 2 × 12, 3 × 8, 4 × 6. பக்கங்கள் எல்லாம் காரணிகள். மொத்தம் ஒவ்வொரு பக்கத்துக்கும் மடங்கு. காரணியையும் மடங்கையும் மாற்றிச் சொல்லும் வழக்கமான குழப்பம் இங்கேயே பெருமளவு தீரும். 13 வில்லைகளுக்கு ஒரே செவ்வகம்தான், ஆகவே அது பகா எண். 36-க்கு 6 × 6 என்ற சதுரம் வருவதால் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, அதாவது 9. ஒரே ஒரு வில்லைக்கு இரண்டு பக்கமும் 1. இரண்டு வேறு காரணிகள் இல்லாததால் 1 பகா எண் ஆகாது.

காரணிச் செடி (ஓர் எண்ணைக் காரணிகளாகக் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போய்ப் பகா எண்களில் நிறுத்தும் படம்) நல்ல கருவி, ஆனால் பல வகுப்புகளில் அவசரப்பட்டு நுழைக்கிறோம். 36-ஐ 4 × 9 என்று பிரித்தாலும் 6 × 6 என்று பிரித்தாலும் கடைசியில் 2 × 2 × 3 × 3-தான் வரும் என்பது அழகான உண்மை. ஆனால் செடியில் மட்டும் பழகிய குழந்தை 36-இன் காரணிகள் 2, 3 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடும். 12, 18 எல்லாம் செடியின் நுனியில் இல்லையே. முதலில் செவ்வகம், பிறகு ஜோடி ஜோடியாகப் பட்டியல், செடி கடைசியில். மீப்பெரு பொதுக் காரணி வரும் வரை செடிக்கு அவசரமில்லை.

பயிற்சித் தாளா, விளையாட்டா என்ற கேள்விக்கு ஒரு விளையாட்டையே பதிலாகச் சொல்கிறேன். 1 முதல் 30 வரை எழுதுங்கள். ஒருவர் ஓர் எண்ணை எடுத்தால் அந்த மதிப்பெண் அவருக்கு. அந்த எண்ணுக்கு மிச்சமிருக்கும் மற்ற காரணிகள் எல்லாம் எதிராளிக்கு. எதிராளிக்கு எதுவும் மிஞ்சாத எண்ணை எடுக்கக் கூடாது. முதல் ஆட்டத்தில் பெரிய எண் என்று 24-ஐ எடுப்பவர், எதிராளிக்கு 36 போவதைப் பார்ப்பார். 28-ஐ எடுத்தால் இருவருக்கும் 28. 29-ஐ எடுத்தால் எதிராளிக்கு 1 மட்டும். அந்த 1 போனதும் வேறு பகா எண் எதையும் எடுக்க முடியாது. அப்போது 25-ஐ எடுத்து எதிராளிக்கு 5 மட்டும் விட்டுக்கொடுக்கும் குழந்தைக்குப் பயிற்சித் தாளை அதன் பிறகு தாராளமாகக் கொடுக்கலாம்.