‘தடை இல்லை’ சான்றிதழை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்

சப்ளையர் பெயரைக் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் ‘பொருளாதாரத் தடை எதுவும் இல்லை’ என்று முத்திரை போட்ட பிடிஎஃப் தரும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அதை ஃபைலில் செருகிவிட்டு முன்பணம் அனுப்பியவர்களுக்கு, தாங்கள் ஏமாந்தது, அனுப்பிய டாலர் வழியிலுள்ள அமெரிக்க வங்கியில் முடங்கும்போதுதான் உறைக்கிறது. முடங்கிய பணம் தானாகத் திரும்பாது. அதை விடுவிக்க, பொருளாதாரத் தடைகளைக் கவனிக்கும் அமெரிக்க நிதித்துறையின் ஓஃபேக் அலுவலகம் உரிமம் தர வேண்டும். ஏஜென்சியைக் கேட்டால் அடியில் பொடி எழுத்தைக் காட்டுவார்கள்: கொடுத்த பெயரை மட்டும், அன்றைய தேதிக்கு மட்டும் பார்த்தார்களாம்.

ஓட்டையே அங்கேதான். தடைப்பட்டியலில் உள்ளவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால் அந்த நிறுவனமும் ஓஃபேக் தடைக்குள் வந்துவிடும். ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 20 என்றாலும் போதும். நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கவே இருக்காது. பங்குதாரர் விவரம் வாங்கி, கடைசி உரிமையாளர் வரை ஏறிப் பார்க்காத சோதனைக்குக் காசு கொடுப்பது வீண்.

பெயர்த் தேடலையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? 2019-இல் ஆப்பிள் 4,66,912 டாலர் கட்டி, ஓஃபேக்கோடு இருந்த ஒரு தடை மீறல் வழக்கை முடித்தது. தடைப்பட்டியலில் இருந்த ஒரு ஸ்லோவீனிய மென்பொருள் நிறுவனத்தின் பெயர் ஆப்பிளின் பதிவில் பெரிய எழுத்தில், ஓஃபேக் பட்டியலில் சிறிய எழுத்தும் புள்ளியுமாக இருந்தது. ஆப்பிளின் தேடல் மென்பொருள் இந்த இரண்டையும் பொருத்தவில்லை. ஆப்பிளுக்கே இந்தக் கதி! பொருத்த அளவைத் தளர்த்தினால் பொய் எச்சரிக்கை குவியும், ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஏஜென்சிகள் அச்சு அசல் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பணம் கட்டுமுன் ஏஜென்சியைச் சோதியுங்கள். ஓஃபேக் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து பெயர் எடுத்து, ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றுங்கள், ஒன்றில் முன்பெயரைப் பின்னால் போடுங்கள், ஒன்றில் ‘லிமிடெட்’ போன்ற பின்னொட்டை வெட்டுங்கள். ஐந்தையும் அவர்களிடம் கொடுத்தால் ஐந்தும் சிக்க வேண்டும்.

பட்டியலே காட்டிக்கொடுக்காத வகையும் உண்டு. எல்ஃப் அழகுசாதன நிறுவனம் 2019-இல் 9,96,080 டாலர் கட்டியது, சீன சப்ளையர்கள் தந்த செயற்கை இமைமுடிகளில் வடகொரியப் பொருள் இருந்ததற்காக. மொத்தம் 156 சரக்குகள். இதைப் பிடிக்க மூலப்பொருள் யாரிடம் வாங்கினார்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று சப்ளையரின் ரசீதையும் வங்கி அறிக்கையையும் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதிப் பட்டியலை வைத்துப் பார்த்தார்கள் என்பது, ஒவ்வொரு பணப்பட்டுவாடாவுக்கு முன்பும் மறுசோதனை செய்வார்கள் என்பது. சப்ளையர் நடுவில் வேறு நாட்டு வங்கிக் கணக்கைக் கொடுத்தால், முந்தைய சான்றிதழ் அன்றோடு செல்லாது.