ஊர் லீவுல பாப்பாவோட மலச்சிக்கலுக்குப் பார்த்த வைத்தியம், திண்டுக்கல்லயும் மதுரையிலயும்

நாங்க இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ல இருக்கோம், சொந்த ஊர் திண்டுக்கல். இந்த ஆகஸ்ட்ல நாலு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தோம். பொண்ணுக்கு நாலரை வயசு. ஒரு வருஷமா அவளுக்கு மலச்சிக்கல், அதுக்கு ஊர்ல என்ன வைத்தியம் கிடைச்சது, எது உதவுச்சு எது உதவலன்னு எழுதலாம்னு தோணுச்சு, ஏன்னா இதே கஷ்டத்தோட வெளியில சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு எத்தனையோ அம்மாக்கள் இருக்காங்க, எனக்கே நாலஞ்சு பேரைத் தெரியும்.

போன வருஷம் நர்சரியில சேர்ந்தப்பதான் ஆரம்பிச்சது. அங்க இருக்க பாத்ரூமுக்குப் போக மாட்டா, வீட்டுக்கு வந்தாலும் அடக்குவா. நாலு நாளைக்கு ஒரு தடவை, அஞ்சு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் பெரியவங்க போற அளவுக்குப் பெருசா, கெட்டியா. ஒரு தடவை கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு, அதுக்கப்புறம் ஆய் வருதுன்னு தெரிஞ்சாலே ஜன்னல் கர்ட்டனுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவா, காலைப் பின்னிக்கிட்டு நுனிக்கால்ல நின்னு முகமெல்லாம் சிவந்து போய் நிப்பா. நான் அவ முக்குறான்னு நினைச்சுக்கிட்டு "முக்கு, முக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ முக்கவே இல்ல, வெளிய வர விடாம இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு.

ஜிபி, அதாவது இங்கிலாந்துல முதல்ல பார்க்க வேண்டிய குடும்ப டாக்டர், மேக்ரோகால் சாஷே குடுத்தாங்க, தண்ணியில கலந்து குடுக்கிற பவுடர். ஒவ்வொரு சாஷேயையும் 62.5 மில்லி தண்ணியில கலக்கணும், அந்தக் கணக்கு முக்கியம், ஏன்னா அந்த மருந்து உடம்புல சேர்றதில்ல, அந்தத் தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கிட்டு குடல்ல இறங்கி மலத்தை இளக்குது, அவ்ளோதான் அதோட வேலை. ரெண்டு வாரம் குடுத்தேன், நல்லாப் போனா, உடனே நிறுத்திட்டேன். பழகிருமோ, அப்புறம் மருந்து இல்லாம போகவே மாட்டாளோன்னு பயம். ஒரு மாசத்துல திரும்ப அதே கதை, மறுபடியும் பவுடரை ஆரம்பிச்சேன். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ரெஃபரல் போட்டா மாசக்கணக்குல ஆகும்னுட்டாங்க.

லண்டன்ல இருந்து கொழும்பு, கொழும்புல இருந்து மதுரை, அந்த ரூட்ல வந்தோம். ஃப்ளைட்டுல போகல, ஊருக்கு வந்தும் போகல, மொத்தம் ஆறு நாள். வயிறு கல்லு மாதிரி. அப்புறம் ஏழாவது நாள் ஜட்டியில கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா கசிய ஆரம்பிச்சுச்சு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை, அவளுக்கே தெரியல வர்றது. அம்மா பார்த்துட்டு "ஏத்தா, புள்ளைக்கு வயித்தால போகுது, நீ இன்னும் அந்தப் பவுடரைக் குடுத்துக்கிட்டு இருக்க"ன்னு டப்பாவை எடுத்து உள்ள வெச்சுட்டு, ஜவ்வரிசிக் கஞ்சியும் மாதுளம்பழமும் குடுத்தாங்க. பாசத்துல செஞ்சதுதான், எனக்கும் அப்ப அது சரின்னுதான் பட்டுச்சு.

அடுத்த நாள் வயித்து வலியில துடிச்சுட்டா. வீட்டுப் பக்கத்துல ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனோம். டோக்கன் 34. ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்து உள்ள போனா மூணு நிமிஷம், வயித்தைக்கூட சரியா அமுக்கிப் பார்க்கல, "எனிமா குடுத்துருங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டாங்க. எனக்குக் கேள்வி கேக்க நேரம் இல்ல, பின்னாடி இருபது பேர் நிக்கிறாங்க. ரெண்டு பேர் கையையும் காலையும் புடிச்சுக்க, அவ கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. கொஞ்சம் வந்துச்சு, வலி குறைஞ்சது, அஞ்சு நாளைக்கு ஒரு சிரப் எழுதிக் குடுத்தாங்க. ஃபீஸ் 300 ரூபா. ஆனா அன்னைக்கு ராத்திரியில இருந்து பாத்ரூம் கதவுப் பக்கமே வர மாட்டேன்னுட்டா, குளிக்கக்கூட வாசல்லதான். வலிக்கிற இடத்துல இன்னொரு வலி. அந்த ஒரு நாளை மட்டும் திருப்பி எடுக்க முடிஞ்சா எடுத்துருவேன்.

பக்கத்து வீட்டு அத்தை வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி வெச்சா உடனே போயிரும்னாங்க, எங்களுக்கெல்லாம் சின்ன வயசுல அப்படித்தான் வெச்சிருக்காங்க. இன்னொருத்தங்க சோப்புத் துண்டு வைக்கச் சொன்னாங்க, இன்னொருத்தங்க ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் குடுத்து "குடலைக் கழுவி விட்டுரு"ன்னாங்க. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா இதுல பாதி திரும்பவும் அந்த இடத்துலயே கை வைக்கிற வேலை. வேண்டாம்னு சொல்லிட்டேன், கொஞ்சம் மனஸ்தாபம் ஆச்சு.

சித்தி பொண்ணு மதுரையில இருக்கா, அவதான் குழந்தைங்க குடல் நோய் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ஒருத்தங்க இருக்காங்கன்னு போன் பண்ணி நம்பர் போட்டுக் குடுத்தா. அடுத்த நாள் சாயங்காலமே கிடைச்சது. இதை நான் அழுத்திச் சொல்லணும், எந்த ரெஃபரலும் இல்லாம, மறுநாளே ஒரு ஸ்பெஷலிஸ்ட் முன்னாடி உக்கார முடிஞ்சது பெரிய விஷயம். ஃபீஸ் 700. அம்மாவும் வர்றேன்னு கிளம்பிட்டாங்க, அது நல்லதாப் போச்சு.

டாக்டரம்மா முதல்ல என்கிட்ட நிறைய கேட்டாங்க. பொறந்து எத்தனை மணி நேரத்துல முதல் மலம் போச்சு, 48 மணி நேரத்துக்கு மேல ஆச்சா, பச்சையா வாந்தி உண்டா, எடை ஏறுதா, நடக்கிறதுல ஏதாவது வித்தியாசம் உண்டா. வயித்தை அமுக்கிப் பார்த்தாங்க, முதுகுத்தண்டு அடிப்பக்கம் பார்த்தாங்க. பொறவியிலயே குடல்ல நரம்பு இல்லாத ஹிர்ஷ்ப்ரங் மாதிரி நோய் இருக்கான்னு பார்க்கத்தான் அந்தக் கேள்வியெல்லாம். அவளுக்கு அப்படி எதுவும் இல்ல, ஒரு வயசு தாண்டுன குழந்தைங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல இந்த மாதிரி அடக்குறதுனால வர்றதுதான், ஸ்கேன் எக்ஸ்ரே எதுவும் வேண்டாம்னுட்டாங்க.

அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி பேனாவால மலக்குடலை ஒரு பை மாதிரி வரைஞ்சாங்க, அதுக்குள்ள ஒரு பெரிய உருண்டை. "அம்மா, உங்க ஊர்ல கண்மாய் மடையில பெரிய கல்லு அடைச்சுக்கிட்டா என்ன ஆகும், ஓரமாத் தண்ணி கசியும்ல? அதுதான் பாப்பா ஜட்டியில வர்றது. அது வயித்தால போறது இல்ல. உள்ள கல்லு அப்படியேதான் இருக்கு. நீங்க மருந்தை நிறுத்தினா கல்லு இன்னும் இறுகும்"னாங்க. அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "அப்ப புள்ள வேணும்னு பண்ணலையா டாக்டரம்மா?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா. நாள்கணக்குல அடக்கி அடக்கி அந்தப் பை விரிஞ்சு போச்சு, நிறைஞ்சாலும் அவளுக்கு உணர்ச்சியே தெரியாது. திட்டாதீங்க, கேலி பண்ணாதீங்க." எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா நான் திட்டியிருக்கேன், ஒரு தடவை இல்ல.

மருந்து அதே மேக்ரோகால்தான், ஊர்ல பாலிஎத்திலீன் கிளைகால்னு பேர் போட்டு டப்பாவுல ஸ்கூப்போட வருது. வித்தியாசம் மருந்துல இல்ல, குடுக்கிற விதத்துலதான். முதல்ல அடைச்சு நிக்கிறதை முழுசா வெளியேத்தணும், அதுக்கு டோஸ் அதிகம், குழந்தையோட எடைக்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1லிருந்து 1.5 கிராம் வரைக்கும், மூணுலிருந்து ஆறு நாள். அப்புறம் அதைக் குறைச்சு, தினமும் இளக்கமாப் போற அளவுக்கு மட்டும் குடுத்துக்கிட்டு, அதை மாசக்கணக்குல நிறுத்தாம ஓட்டணும். எனக்கு இங்கிலாந்துல முதல் பாதியே நடக்கல, அடைப்பை எடுக்காமலே தினம் ஒரு சாஷே குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன், ரெண்டாவது பாதியை ரெண்டே வாரத்துல நிறுத்திட்டேன். பழகிருமான்னு கேட்டேன். இது குடலைத் தூண்டி விடுற மருந்து இல்ல, வெறும் தண்ணி புடிச்சு வைக்கிற பவுடர், பழகாது, விரிஞ்ச பை சுருங்கித் தன் அளவுக்கு வர்றதுக்கு மாசங்கள் ஆகும், அது வரைக்கும் வலிக்காமப் போகணும், வலி மறந்தாத்தான் அடக்குறது நிக்கும்னாங்க. (இதைப் படிச்சுட்டு நீங்களே கிராம் கணக்குப் போட்டுக் குடுக்காதீங்க, வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு டாக்டர் சொல்லணும்.)

மருந்து டப்பா 450 ரூபா சொச்சம் ஆச்சு. மெடிக்கல் ஷாப்ல "ஸ்டாக் இல்ல, இதைக் குடுங்க, ஒண்ணுதான்"னு வேற ஒரு சிரப்பை எடுத்து நீட்டினாங்க, வாங்கல, நாலு தெரு தள்ளி வேற கடையில கிடைச்சது. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதையே கேட்டு வாங்குங்க. பணம் யோசிக்கிறவங்க மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுக்குக் காலையில ஓபிக்குப் போகலாம், கூட்டம் இருக்கும், ஆனா கேக்க வேண்டிய கேள்வியைத் தாள்ல எழுதிக்கிட்டுப் போனா மூணு நிமிஷத்துலயும் கேட்டுரலாம். நான் முதல் கிளினிக்ல அதைச் செய்யாம விட்டுட்டேன்.

ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல, மூணாவது நாள்தான் அடைப்பு விட்டுச்சு, அன்னைக்கு முழுக்க வீட்டுலயேதான் இருந்தோம். அடைப்பு எடுக்கிற அந்த நாள்கள்ல எங்கயும் வெளிய போற பிளான் வெச்சுக்காதீங்க, கோயில் கல்யாணம் எதுவும் வேண்டாம். நாங்க பழனி போறதா இருந்ததை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சோம்.

அடுத்த வேலை பாத்ரூம் பயத்தைப் போக்குறது. சாப்பிட்டு முடிச்ச உடனே குடல் தானா அசையும், அந்த நேரத்துல அஞ்சு பத்து நிமிஷம் உக்கார வைக்கணும், வந்தாலும் வராட்டியும் எந்திரிச்சு வந்துரலாம். அம்மா வீட்டுல இந்தியன் டாய்லெட். குத்த வெச்சு உக்கார்றது நல்ல பொசிஷன், முட்டி இடுப்புக்கு மேல வருதுல்ல, வழி நேராகுது. ஆனா அவளுக்கு அந்தக் குழியைப் பார்த்தாலே பயம், உள்ள விழுந்துருவேன்னு. அம்மா ஒரு மனைப்பலகையைக் கொண்டு போய் டாய்லெட்டுக்கு எதிர்ல போட்டு உக்காந்துக்கிட்டாங்க, அறுபத்தி மூணு வயசுல, முட்டி வலியோட. பேத்தி ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. டாக்டரம்மா ஏதாவது ஊதச் சொல்லுங்க, ஊதும்போது அடிப்பக்கம் இறுக்குறது கஷ்டம், தளர உதவும்னு சொல்லியிருந்தாங்க. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கத்துக் கடையில வாங்குன பிளாஸ்டிக் பீப்பி ஒண்ணு கிடந்துச்சு. அம்மா "அம்மாச்சிக்கு ஒரு தடவை ஊதிக் காட்டு ராசாத்தி"ன்னு சொல்ல, அவ குத்த வெச்சு உக்காந்து பீப்பி ஊதுறா, வெளிய தாத்தா பதிலுக்கு விசில் அடிக்கிறார். நாலாவது நாள் காலையில இட்லி சாப்பிட்ட கையோட, பீப்பி சத்தம் பாதியில நின்னுச்சு, அப்புறம் "அம்மாச்சி, வலிக்கவே இல்ல"ன்னு ஒரு குரல். நான் அடுப்படியில நின்னு அழுதுட்டேன்.

சாப்பாட்டுல பெருசா மாத்துனது பால்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் குடிச்சுக்கிட்டு இருந்தா, அதுல வயிறு ரொம்பிச் சோறே இறங்காது, அதை 400 மில்லிக்குக் கொண்டு வந்தோம். நார்ச்சத்துக்கு அவங்க சொன்ன கணக்கு சுலபம், வயசோட அஞ்சைக் கூட்டிக்கோங்க, அத்தனை கிராம், அவளுக்கு ஒம்பதரை கிராம் வருது. ஊர்ல அது கஷ்டமே இல்ல, ஆயக்குடிக் கொய்யா, சிறுமலைப் பழம், கீரை, அவரைக்காய், கம்பங்கூழ்னு கண்ணு முன்னாடி எல்லாம் இருக்கு. கொய்யாக் கொட்டை வயித்தைக் கட்டும்னு ஒரு பேச்சு உண்டு, டாக்டரம்மாகிட்ட கேட்டேன், தண்ணி நல்லாக் குடிச்சா பழத்தைத் தாராளமாக் குடுங்கன்னாங்க. ஆனா ஒண்ணு, அடைப்பு இருக்கும்போது பழமும் கீரையும் மட்டும் குடுத்து சரி பண்ணப் பார்த்தா ஆகாது, சாப்பாடு மருந்துக்குத் துணைதான், மருந்துக்குப் பதில் இல்ல.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவை போய்ப் பார்த்தோம், வயிறு இளகியிருக்குன்னு சொன்னாங்க. அப்ப நான் கேட்டு வாங்குன ஒரு லெட்டர் இங்க வந்து ரொம்ப உதவுச்சு. அதுல பிராண்டு பேர் இல்லாம மருந்தோட பொதுப் பேர், ஒரு நாளைக்கு எத்தனை கிராம், என்னைக்கு அடைப்பு எடுத்தது, எப்ப குறைக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க. ஊர் ஸ்கூப்பும் இங்கத்த சாஷேவும் அளவு வேற வேற, கிராம்ல இருந்தாத்தான் ஜிபிக்குப் புரியும். ஜிபி அதைப் பார்த்துட்டு அதே அளவுக்கு சாஷே எழுதிட்டாங்க, இங்க குழந்தைங்களுக்கு மருந்து இலவசம். ஊர் டப்பாவை சீல் பிரிக்காம, சீட்டோட செக்-இன் பேக்ல போட்டேன், யாரும் எதுவும் கேக்கல.

செப்டம்பர்ல ரிசெப்ஷன் கிளாஸ் (இங்க ஸ்கூல்ல முதல் வருஷம்) ஆரம்பிச்சுருச்சு. டீச்சர்கிட்ட முதல் நாளே விஷயத்தைச் சொல்லி, கையைத் தூக்காமலே பாத்ரூம் போக அனுமதி வாங்கிட்டேன், பைல ஒரு மாத்து ட்ரெஸ் இருக்கு. வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு முன்னாடி கால் வைக்க ஒரு உயரமான ஸ்டூல் போட்டாச்சு. நடுவுல சளி புடிச்சு சாப்பிடாம இருந்தப்ப மூணு நாள் அடக்கிட்டா, டோஸைக் கொஞ்சம் ஏத்தி திரும்ப சரியாச்சு, இப்படி ஏறி இறங்கித்தான் போகும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. இப்ப தினமும், இல்லாட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போறா. குறைக்கிறதைப் பத்தி பொங்கலுக்கு அப்புறம்தான் யோசிக்கணும். பீப்பி இங்க வந்துருச்சு, ஸ்டூலுக்குப் பக்கத்துல ஜன்னல் ஓரமா இருக்கு. தினம் சாயங்காலம் வீடியோ கால்ல அம்மா முதல்ல கேக்கிறது சாப்பிட்டாளான்னு இல்ல, "இன்னைக்கு ஊதுனாளா?"ன்னுதான்.